ஏஐ குரலில் வீடியோ போட்டால் வருமானம் நின்றுவிடுமா? யூடியூப் விதி, இந்தியச் சட்டம், தமிழ் உச்சரிப்பு: ஒரு விளக்கம்

2025 ஜூலை தொடக்கத்தில் யூடியூப் தன் வருமானப் பகிர்வு விதிகளில் ஒரு மாற்றத்தை அறிவித்தது. ஜூலை 15 முதல் அது நடைமுறைக்கு வரும் என்றது. சில நாட்களுக்குள் அந்த அறிவிப்பு உருமாறி, ‘இனி ஏஐ குரல் வைத்த வீடியோக்களுக்குப் பணம் கிடையாது’ என்ற செய்தியாக உலகெங்கும் சுற்றியது. எந்திரக் குரலில் வரலாறும் அறிவியலும் ஆன்மிகமும் சொல்லிக்கொண்டிருந்த பலர் பதறிப்போனார்கள். அது அப்படியல்ல என்று யூடியூப் விளக்கம் அளித்த பிறகும் குழப்பம் முழுவதும் தீரவில்லை.

தீராததற்குக் காரணம், தனித்தனியான நான்கு கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டதுதான். எந்திரக் குரலைப் பயன்படுத்தலாமா? அந்தக் குரல் யாருடையது? அதன் வழியாகச் சொல்லப்படும் விஷயம் யாருடையது? அந்த எந்திரம் தமிழைச் சரியாக வாசிக்கிறதா? முதல் மூன்றையும் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான்காவதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. தமிழில் வீடியோ செய்பவருக்கு மற்ற மூன்றுக்கும் விடை அந்த நான்காவது கேள்விக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

## எந்திரக் குரலில் மூன்று வகை

எழுதிய உரையைக் கொடுத்தால் பேச்சாக மாற்றித் தரும் மென்பொருளை ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ என்கிறார்கள். வீடியோ உலகில் அதற்குப் புழங்கும் பெயர் ‘ஏஐ வாய்ஸ்’. இந்த ஒரு பெயருக்குள் மூன்று வெவ்வேறு பொருட்கள் இருக்கின்றன.

1. பொதுக் குரல். ஒரு நிறுவனம் குரல் கலைஞர் ஒருவருடன் ஒப்பந்தம் போட்டு, அவர் குரலைப் பதிவு செய்து, அதைக் கொண்டு பயிற்றுவித்த குரல். பட்டியலில் பெயரோடு இருக்கும். கட்டணம் செலுத்தும் எவரும் பயன்படுத்தலாம். மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இந்தியத் தமிழுக்குப் ‘பல்லவி’, ‘வள்ளுவர்’ என்று இரண்டு குரல்கள் உண்டு. இலங்கைத் தமிழுக்குச் ‘சரண்யா’, ‘குமார்’. சிங்கப்பூருக்கு ‘வெண்பா’, ‘அன்பு’. மலேசியாவுக்குக் ‘கனி’, ‘சூர்யா’.

2. சொந்தக் குரலின் நகல். உங்கள் குரலை நீங்களே பதிவு செய்து கொடுத்து, அதே குரலில் எந்திரத்தைப் பேச வைப்பது.

3. பிறர் குரலின் நகல். நடிகர், அரசியல்வாதி, பாடகர், செய்தி வாசிப்பாளர் என்று யாரோ ஒருவரின் குரலை எடுத்து, அவர் சொல்லாததைச் சொல்ல வைப்பது.

விதிகளும் வழக்குகளும் பெரும்பாலும் மூன்றாவது வகையைச் சுற்றியே இருக்கின்றன. பதறியவர்களோ பெரும்பாலும் முதல் வகையைப் பயன்படுத்துபவர்கள்.

## உள்ளே என்ன நடக்கிறது

1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பெல் ஆய்வகம் ‘வோடர்’ என்ற பேசும் கருவியைக் காட்டியது. பயிற்சி பெற்ற பெண்கள் பியானோ வாசிப்பதுபோல விசைகளை அழுத்தி அதைப் பேச வைத்தார்கள். கணினி தானே எழுத்தைப் பார்த்துப் பேசும் நிலைக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 1980-களில் எம்ஐடி ஆய்வாளர் டென்னிஸ் கிளாட் உருவாக்கிய முறையில், மனிதத் தொண்டையும் வாயும் எழுப்பும் அதிர்வெண்களைக் கணக்குப் போட்டுக் குரலைச் செயற்கையாகக் கட்டினார்கள். ஸ்டீபன் ஹாக்கிங் பேசிய குரல் அந்த வழியில் வந்தது. அதற்கு அடிப்படை கிளாட்டின் சொந்தக் குரல். பிற்காலத்தில் இயல்பான குரல்கள் கிடைத்தபோதும் ஹாக்கிங் அதை மாற்றிக்கொள்ளவில்லை. தன் அடையாளமாகவே வைத்துக்கொண்டார்.

அடுத்து வந்தது ஒட்டு வேலை. ஒருவரைப் பல மணி நேரம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அதைச் சின்னச் சின்ன ஒலித் துண்டுகளாக நறுக்கி, தேவையான வரிசையில் ஒட்டுவார்கள். ரயில் நிலைய அறிவிப்பில் ஊர்ப் பெயர் மட்டும் வேறு சுருதியில் ஒலிக்குமே, அதே உத்தி, ஆனால் மிக நுணுக்கமான அளவில். பெரிய திருப்பம் 2016-ல் வந்தது. கூகுளின் ஏஐ ஆய்வு நிறுவனமான டீப்மைண்ட் வெளியிட்ட ‘வேவ்நெட்’, ஒரு விநாடி ஒலியில் உள்ள 16,000 புள்ளிகளையும் ஒவ்வொன்றாக ஊகித்து உருவாக்கியது. குரலில் மூச்சும் மென்மையும் வந்தது அதிலிருந்துதான். 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘வால்-இ’ மாதிரிக்கு (தரவுகளைக் கொண்டு பயிற்றுவித்த ஏஐ மென்பொருளை ‘மாதிரி’ என்கிறார்கள்) ஒருவரின் 3 விநாடிப் பேச்சே நகல் எடுக்கப் போதுமாக இருந்தது.

இன்றைய கருவிகள் பலவும் செய்யும் வேலையை நான்கு படிகளாகப் புரிந்துகொள்ளலாம்.

1. உரையைச் சீராக்குதல்: எண், தேதி, சுருக்கெழுத்து, குறியீடு எல்லாவற்றையும் சொற்களாக மாற்றுவது.
2. எழுத்தை ஒலியாக்குதல்: எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று முடிவு செய்வது.
3. ஓசைநயம்: எந்த ஒலி எவ்வளவு நேரம், எந்த உயரத்தில், எங்கே நிறுத்தம் என்று தீர்மானிப்பது.
4. ஒலி அலையை உருவாக்குதல்.

புதிய மாதிரிகள் இந்தப் படிகளை ஒன்றாகக் கலந்து கற்றுக்கொள்கின்றன. ஆனாலும் தவறு எங்கே நடந்தது என்று தேடும்போது இந்தப் பிரிவு உதவும். ‘குரல் அப்படியே மனிதக் குரல் மாதிரியே இருக்கிறது’ என்று நாம் வியப்பது நான்காவது படியை. தமிழ் சறுக்குவது முதல் மூன்றில். குரல் இனிமையாகிவிட்டதால் சறுக்கல் காதில் படாமலே போய்விடுகிறது. பழைய கரகரப்பான எந்திரக் குரல் தப்பாகப் படித்தால் உடனே தெரிந்துவிடும். இப்போதைய குரல் அதே தப்பைத் தேன் தடவிச் சொல்கிறது.

## தமிழ் எழுத்து வாசகருக்கு விட்டுவைப்பது

‘தமிழில் எழுதியபடியே வாசிக்கலாம், அதனால் எந்திரத்துக்குச் சுலபம்’ என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை.

‘க’ என்ற ஒரே எழுத்தைப் பாருங்கள். கடல், பக்கம், தங்கம், அகம். நான்கு சொற்களிலும் அது ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலியாக வருகிறது, மெல்லினத்தை அடுத்து வரும்போது தொண்டை அதிர்கிறது, இரண்டு உயிர்களுக்கு நடுவே இளகிவிடுகிறது. இதற்கெல்லாம் ஒழுங்கான விதி இருக்கிறது. விதியை எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். சிக்கல், வெளியிலிருந்து வந்த சொற்களில். குரு, பயம், பாரதி, காந்தி ஆகியவற்றின் முதல் எழுத்து தொண்டை அதிரவே ஒலிக்க வேண்டும். எழுத்தில் அதற்கு அடையாளம் ஏதுமில்லை. அந்தச் சொல்லைக் காதால் கேட்டவருக்கு மட்டுமே தெரியும்.

அடுத்த கட்டத்தில் ஒரே எழுத்துக்கூட்டு இரண்டு சொற்களாகப் பிரிகிறது:

1. பாட்டில்: பாடலில் என்பதும் பாட்டில், தண்ணீர் அடைத்து விற்பதும் பாட்டில். ‘அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது?’ என்ற வரியை எப்படி வாசிப்பது என்று முன்பின் வரிகளைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.
2. கதை: பாட்டி சொல்வதும் கதை, பீமன் தோளில் கிடப்பதும் கதை. ஆன்மிகச் சானல்களுக்கு இது அன்றாடச் சிக்கல்.
3. பாவம்: செய்த தீவினையும் பாவம், பரதக் கலைஞரின் முகத்தில் தெரிவதும் பாவம்.
4. பலம்: வலிமையும் பலம், பழைய நிறுத்தல் அளவையும் பலம்.
5. பேன்: தலையில் இருப்பதும் பேன், பலர் எழுதும் வழக்கில் கூரையில் சுற்றுவதும் பேன்.

மனிதர் வாசிக்கும்போது இந்த முடிவை எடுப்பதே தெரியாமல் எடுத்துவிடுகிறோம். எந்திரம் தான் பயின்ற உரைகளில் எந்த ஒலி அதிகம் வந்ததோ அதை எடுக்கிறது. அதனால் ஒரே கருவி ஒரு வரியில் சரியாகவும் பத்து வரி தள்ளித் தவறாகவும் வாசிக்கும்.

நீளம் இன்னொன்று. ‘நாடு’, ‘பாட்டு’, ‘காசு’ ஆகிய சொற்களின் கடைசி உகரம் முழுதாக ஒலிப்பதில்லை. இதழைக் குவிக்காமல் பாதியில் விட்டுவிடுகிறோம். அதுதான் குற்றியலுகரம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை, குற்றியலுகரத்துக்கும் அரை என்று தொல்காப்பியம் கணக்கு வைத்திருக்கிறது. மாத்திரைக்கு அளவாகக் கண்ணிமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் சொல்கிறது. இன்றைய பேச்சு மாதிரிகளில் ஒவ்வொரு ஒலிக்கும் எத்தனை மில்லி விநாடி என்று ஊகிக்கவே ஒரு தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். தமிழ் இலக்கணம் படித்த ஒருவர் அதைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்வார். இந்த அரை மாத்திரையைத் தவறவிட்டு ‘பாட்டூ’, ‘வீடூ’ என்று இழுக்கும் குரலைத்தான் கேட்பவர்கள் ‘வேற்றுமொழிக்காரர் படிப்பது மாதிரி இருக்கிறது’ என்கிறார்கள். ‘நாளை’, ‘வளையல்’ போன்றவற்றில் குறுகி ஒலிக்க வேண்டிய ஐகாரத்தை முழுசாக நீட்டினாலும் அதே உணர்வுதான் வரும்.

## எண்கள்

எண்களில் தவறு நடந்தால் அது வெறும் அழகுக் குறையாக நிற்பதில்லை, தகவல் பிழையாகிவிடுகிறது. ‘1857-ல்’ என்று எழுதினால் ‘ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழில்’ என்று வர வேண்டும். வேற்றுமை உருபு எண்ணோடு கரைய வேண்டும். எந்திரம் எண்ணைத் தனியாகவும் ‘ல்’ என்பதைத் தனியாகவும் சொல்லித் திணறும். ‘10-ம் வகுப்பு’ பத்தாம் வகுப்பு ஆக வேண்டும். ‘ரூ.1,25,000’ என்பதில் ரூபாய்க் குறி முன்னால் இருக்கிறது, வாசிக்கும்போது ‘ரூபாய்’ கடைசியில் வர வேண்டும். ‘2-3 நாட்கள்’ இரண்டு மூன்று நாட்கள். நடுவில் இருப்பது கழித்தல் குறி அல்ல. தொலைபேசி எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும், ஆண்டைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். லட்சம், கோடி என்று எண்ணும் நமக்கு ‘நூறு ஆயிரம்’ என்று ஒரு குரல் சொன்னால் கணக்கே மனதில் பதியாது.

மருந்து அளவு, தேர்வுத் தேதி, வட்டி விகிதம் சொல்லும் வீடியோக்களில் இது விளையாட்டல்ல.

## எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ், ஊர்த் தமிழ்

தமிழுக்கான குரல் தரவுகளில் பெரும்பகுதி எழுத்துத் தமிழை வாசித்துப் பதிவு செய்தவை. ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் ஹேமா மூர்த்தி முன்னெடுத்த கூட்டுத் திட்டம் இந்திய மொழிகளுக்கான குரல் தரவுத்தளத்தை உருவாக்கியது. தமிழும் அதில் ஒன்று. பின்னர் அதே வளாகத்தில் இயங்கும் ஏஐ4பாரத் குழு தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளுக்குத் திறந்த உரிமத்தில் மாதிரிகளை வெளியிட்டது. இவை இல்லாவிட்டால் தமிழில் இந்த விவாதத்துக்கே இடமிருந்திருக்காது. செய்தி, பாடம், கட்டுரை ஆகியவற்றை வாசிக்க இந்த வகைக் குரல்கள் பொருந்தும்.

ஆனால் யூடியூபில் வெற்றி பெறுவது பேச்சுத் தமிழ். அங்கே இரண்டு தடைகள். பேச்சுத் தமிழுக்கு நிலையான எழுத்துக்கூட்டு கிடையாது: பாத்துக்கலாம், பார்த்துக்கலாம், பாத்துக்கலா என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். இரண்டாவது நுட்பமானது. ‘நான் போறேன்’ என்று எழுதினாலும் பேசும்போது கடைசி ‘ன்’ தனியாக ஒலிப்பதில்லை. உயிரொலி மூக்கின் வழியே போய் முடிந்துவிடுகிறது. ‘வரலாம்’, ‘மரம்’ ஆகியவற்றின் ‘ம்’ படும் பாடும் அதேதான். எந்திரமோ ன், ம் எல்லாவற்றையும் அச்சுப் பிசகாமல் உச்சரிக்கும். பேச்சுத் தமிழில் எழுதிக் கொடுத்த உரையைப் பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல அது சொல்வதற்கு இதுதான் காரணம்.

இலங்கைத் தமிழர் எழுத்தில் வேறொரு மரபு உண்டு. ஆங்கிலச் சொல்லின் முதலில் தமிழ்நாட்டார் ‘ட’ போடும் இடத்தில் அவர்கள் ‘ர’ போடுவார்கள். நாம் டிவி என்பதை அவர்கள் ரிவி என்று எழுதுவார்கள். கனடாவின் பெருநகரம் அவர்களுக்கு ‘ரொறன்ரோ’. எழுதியவருக்கும் வாசிக்கும் உறவினருக்கும் இதில் ஒரு சிக்கலும் இல்லை. இந்தியத் தமிழ் உரைகளில் மட்டும் பயின்ற குரலிடம் கொடுத்தால் அது ‘ர’ என்றே வாசித்துவைக்கும். இலங்கைத் தமிழுக்கென்று தனிக் குரல் பட்டியலில் இருப்பதன் அருமை இங்கேதான் தெரிகிறது. நெல்லைக்கும் கொங்குக்கும் நாஞ்சில் நாட்டுக்கும் அப்படி ஒரு வரி பெரிய நிறுவனங்களின் பட்டியலில் இல்லை.

## ஜூலை 15 விதி சொன்னது என்ன

யூடியூப் செய்தது ஒரு பெயர் மாற்றமும் ஒரு தெளிவுபடுத்தலும். முன்பு ‘திரும்பத் திரும்ப வரும் உள்ளடக்கம்’ என்று அழைத்ததை ‘உண்மைத்தன்மை இல்லாத உள்ளடக்கம்’ என்று மாற்றியது. ஒரே அச்சில் வார்த்து மொத்தமாக உற்பத்தி செய்யும் வீடியோக்களுக்கு வருமானம் இல்லை என்பது ஏற்கெனவே இருந்த விதி. ஏஐ கருவிகளைக் கொண்டு தங்கள் கதை சொல்லலை மேம்படுத்தும் சானல்கள் வருமானம் பெறத் தகுதியுடையவை என்பதையும் யூடியூப் தெளிவாகவே சொன்னது.

அந்த விதியில் குரல் பற்றிய தடை எதுவும் இல்லை. ஆனால் எந்திரக் குரல் சானல்கள் கவனமாகப் படிக்க வேண்டிய சில எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன:

1. தான் எழுதாத உரையை, அதாவது இணையதளக் கட்டுரையையோ செய்தி ஓடையையோ, வாசிப்பது மட்டுமே உள்ளடக்கமாக இருந்தால் வருமானம் இல்லை.
2. விளக்கமோ கருத்தோ கல்விப் பயனோ மிகக் குறைவாக, படங்களை ஓட விடுவதும் எழுத்தை உருட்டுவதும் மட்டும் இருந்தால் வருமானம் இல்லை.

நாளிதழ்க் கட்டுரையை நகலெடுத்து, ஏஐ குரலில் ஓடவிட்டு, பின்னால் நாலு படம் வைக்கும் சானல் இந்த இரண்டிலும் மாட்டும். அதே கட்டுரையைச் சொந்தத் தொண்டையில் வாசித்தாலும் மாட்டும். மாறாக, நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துச் சொந்தமாக எழுதிய சோழர் நிர்வாக வரலாற்றைப் ‘பல்லவி’யின் குரலில் சொல்பவருக்கு இந்த விதியால் ஆபத்தில்லை.

இருந்தாலும் நடைமுறையில் ஒரு ஆபத்து உண்டு. சானலை மதிப்பிடுபவர் முழு வீடியோக்களையும் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ‘இதில் ஒரு மனிதரின் உழைப்பு இருக்கிறதா’ என்று அவர் தேடும் தடயங்களில் வாசிப்பும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். ஊர்ப் பெயரும் ஆண்டும் தப்பும் தவறுமாக ஒலிக்கும் வீடியோ, யாரும் கேட்டுப் பார்க்காமல் ஏற்றப்பட்டது என்று தானே சாட்சி சொல்லிவிடுகிறது. அதைவிடக் கடுமையான மதிப்பீட்டாளர் பார்வையாளர். பதினைந்தாவது விநாடியில் ‘பாரதி’யைத் தவறாகச் சொன்னால் நகர்ந்துவிடுவார்.

## அறிவிப்புச் சீட்டு: யூடியூபிலும் இந்திய விதியிலும்

2024 மார்ச்சில் யூடியூப் பதிவேற்றப் பக்கத்தில் ஒரு புதிய கேள்வியைச் சேர்த்தது. நிஜம்போலத் தோன்றும் செயற்கை உள்ளடக்கம் இருந்தால் அறிவிக்க வேண்டும். உண்மையான ஒருவர் சொல்லாததைச் சொன்னதுபோலக் காட்டுவதும், பிறர் குரலை நகலெடுத்துப் பின்னணிக் குரலாக்குவதும் இதில் அடங்கும். உரை எழுதவோ வசன வரிகள் (சப்டைட்டில்) தயாரிக்கவோ ஏஐ உதவியை நாடியதற்கு அறிவிப்பு தேவையில்லை. உடல்நலம், தேர்தல், நிதி, செய்தி ஆகிய தலைப்புகளில் அந்த அறிவிப்பு வீடியோவின் மேலேயே தெரியும். அறிவித்ததால் பார்வையோ வருமானத் தகுதியோ குறைக்கப்படாது என்றும் யூடியூப் சொல்கிறது. யாராவது தன் குரலையோ முகத்தையோ போலி செய்திருந்தால், தனியுரிமைப் புகாராகக் கொடுத்து நீக்கக் கோரும் வழி 2024 ஜூனில் வந்தது.

இந்திய அரசு 2025 அக்டோபரில் தகவல் தொழில்நுட்ப விதிகளுக்கு ஒரு திருத்த வரைவை வெளியிட்டது. செயற்கைக் காட்சி என்றால் திரையின் 10 சதவீதப் பரப்பிலும், ஒலி என்றால் தொடக்க 10 சதவீத நேரத்திலும் அறிவிப்பு இருக்க வேண்டும் என்றது அந்த வரைவு. எதிர்ப்பு வந்தது. 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறைக்கு வந்த இறுதி விதிகளில் அந்த 10 சதவீத அளவு இல்லை. தெளிவாகத் தெரியும் அறிவிப்பு போதும். உண்மையான மனிதரோ நிகழ்வோ என்று நம்ப வைக்கும் உள்ளடக்கமே விதியின் இலக்கு. சாதாரணத் திருத்த வேலைகளுக்கும், அணுகல் வசதிக்காகவும் மொழிபெயர்ப்புக்காகவும் நல்லெண்ணத்தோடு செய்வதற்கும் விலக்கு உண்டு.

பட்டியலில் உள்ள பொதுக் குரல் ஒன்று வரலாறு சொல்வது இந்த வரையறைக்குள் வருமா என்று வாதாடிக்கொண்டிருக்கலாம். என் பார்வையில் வாதம் தேவையில்லை. ‘இந்த வீடியோவில் வருவது கணினிக் குரல்; உரை எழுதியது நாங்கள்’ என்று விவரப் பகுதியில் ஒரு வரி போட இரண்டு நிமிடம் ஆகும்.

## குரல் யாருடையது

கனடாவைச் சேர்ந்த குரல் கலைஞர் பெவ் ஸ்டாண்டிங் 2018-ல் மொழிபெயர்ப்புப் பணிக்கு என்று சொல்லப்பட்ட ஒரு வேலைக்காகத் தன் குரலைப் பதிவு செய்து கொடுத்தார். பிறகு டிக்டாக் செயலியில் ஏராளமான வீடியோக்களில் தன் குரல் ஒலிப்பதைக் கேட்டார். யார் என்ன தட்டினாலும் அதை அவர் குரல் சொல்லியது, ஆபாசம் உட்பட. 2021 மே மாதம் வழக்குப் போட்டார். டிக்டாக் அந்தக் குரலை நீக்கியது. அதே ஆண்டில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஐஃபோனின் ‘சிரி’க்கு அமெரிக்காவில் முதலில் குரலான சூசன் பென்னட்டும் 2005-ல் வேறொரு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தவர்தான். 2011-ல் ‘சிரி’ வெளியான பிறகே அது தன் குரல் என்று அவருக்குத் தெரிந்தது.

நம் பக்கம் 2024-ல் அடுத்தடுத்து மூன்று நிகழ்வுகள்.

1. மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் ஒரு தமிழ்த் திரைப்பாடலில் ஏஐ வழியாகப் பயன்படுத்தினார். குடும்பத்தினரிடம் அனுமதி பெற்றதாகவும் உரிய ஊதியம் அளித்ததாகவும் அவரே அறிவித்தார்.
2. எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றி மறுஉருவாக்கியதாக ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் குடும்பம் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியது.
3. ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை நகலெடுக்கும் கருவிகளுக்கு எதிராக மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அனுமதியின்றி ஒரு பிரபலத்தின் குரலாக மாற்றித் தரும் கருவியைப் பொதுவில் வைப்பதே அவரது ஆளுமை உரிமையை, அதாவது தன் பெயர், குரல், தோற்றம் ஆகியவற்றின் மீது அவருக்குள்ள உரிமையை, மீறுவது என்றது.

ஆளுமை உரிமைக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாகவே அது வளர்ந்துவருகிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2015-லேயே ரஜினிகாந்த் வழக்கில் அவரது பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை விதித்திருக்கிறது. ஆகவே ‘பிரபல நடிகர் குரலில் பொன்மொழிகள்’ வகைச் சானல் நடத்துபவர், சட்டம் இல்லை என்று நம்பியிருக்க முடியாது. இதில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது பிரபலமில்லாதவர்கள். உள்ளூர் விளம்பரங்களுக்கும் ஆட்டோ மைக் அறிவிப்புகளுக்கும் குரல் கொடுத்துப் பிழைக்கும் கலைஞர், ‘ஒரு மணி நேரம் வாசித்துக் கொடுங்கள்’ என்ற வேலையை ஏற்கும்போது, அது குரல் நகலுக்கான பயிற்சித் தரவா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பொதுக் குரலைப் பயன்படுத்துபவருக்கு ஒரே கேள்வி: உரிமம். பல சேவைகளின் இலவசத் திட்டத்தில் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடையாது. சானல் வருமானம் ஈட்டத் தொடங்கிய நாளிலிருந்து அது வணிகம். எந்த வீடியோவை எந்தத் திட்டத்தில் இருந்தபோது தயாரித்தோம் என்பதற்கு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

## வேலை செய்யும் முறை

1. இரண்டு பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வாசகருக்கான சரியான தமிழ். மற்றது எந்திரத்துக்கான வாசிப்புப் பிரதி. இரண்டாவதில் எண்கள் எல்லாம் சொற்களில் இருக்கட்டும், சுருக்கெழுத்துகள் விரியட்டும்.
2. இரட்டைப் பொருள் சொற்களை மாற்றிவிடுங்கள். ‘பாட்டில்’ சிக்கலா? ‘பாடலில்’ என்று எழுதினால் தீர்ந்தது. தண்ணீர் பாட்டிலை ஆங்கில எழுத்திலேயே எழுதிக் கொடுத்துப் பாருங்கள். சில கருவிகள் சரியாக எடுத்துக்கொள்ளும்.
3. ஒவ்வொரு வீடியோவுக்கும் பெயர்ப் பட்டியல் போட்டு, அந்தப் பெயர்களை மட்டும் முதலில் ஒலிக்கவிட்டுச் சோதியுங்கள். ஊர்ப் பெயரில் தவறு வந்தால் அந்த ஊர்க்காரர் மன்னிக்கமாட்டார்.
4. வாக்கியங்களைச் சின்னதாக்குங்கள். மூச்சு விட வேண்டிய இடம் எழுதியவருக்குத் தெரியும்; எந்திரத்துக்குக் காற்புள்ளிதான் அடையாளம்.
5. இரங்கலையும் விபத்தையும் எந்திரக் குரலுக்குக் கொடுக்காதீர்கள். மரண எண்ணிக்கையை அது தள்ளுபடி விலை சொல்லும் தொனியில் சொல்லிவிடும்.
6. திரையைப் பார்க்காமல், முழுவதையும் ஒருமுறை காதால் மட்டும் கேளுங்கள்.

வசன வரிகளாக முதல் பிரதியைத்தான் ஏற்ற வேண்டும். உச்சரிப்புக்காகச் சிதைத்த எழுத்துக்கூட்டுடன் உள்ள இரண்டாவது பிரதியை அப்படியே ஏற்றிவிட்டால், காது கேளாதவர் படிப்பது அந்தச் சிதைவைத்தான்.

எந்திரக் குரலே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தத் தொழில்நுட்பம் பார்வையற்றோரின் திரை வாசிப்பு மென்பொருள் வழியாகவும் அன்றாட வாழ்க்கைக்குள் வந்தது. திக்கிப் பேசுபவர், பேச முடியாதவர், தன் குரலை இணையத்தில் போட்டால் வரும் வசைகளைத் தாங்க விரும்பாத பெண், ஒற்றை அறை வீட்டில் அமைதியான மூலை கிடைக்காத மாணவர் ஆகியோருக்கு இது வாசல் திறந்திருக்கிறது.

## இந்த ஒலி எங்கே போகிறது

பேச்சுத் தொழில்நுட்பத்துக்கான தரவுகள் வானத்திலிருந்து விழுவதில்லை. ஏஐ4பாரத் குழு தொகுத்த ‘ஷ்ருதிலிபி’ தரவுத்தொகுதியில் 12 இந்திய மொழிகளின் 6,400 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பேச்சு இருக்கிறது. அது அகில இந்திய வானொலிச் செய்தி அறிக்கைகளிலிருந்து எடுக்கப்பட்டது. தமிழ்ச் செய்தி வாசிப்பாளர்கள் பல ஆண்டுகள் ஒலிவாங்கி முன் அமர்ந்து வாசித்தது இன்று எந்திரத்தின் காதாகியிருக்கிறது. அதே குழு வேறொரு தொகுதிக்கு யூடியூபிலிருந்தும் ஒலி திரட்டியது.

இனித் தமிழ்ப் பேச்சு வேண்டும் என்று யூடியூபுக்கு வருபவர் அள்ளிக்கொண்டு போவதில் மனிதக் குரலும் எந்திரக் குரலும் கலந்தே இருக்கும். ‘பாவம்’, ‘பாட்டில்’ போன்ற சொற்கள் தவறாக ஒலித்த வீடியோக்கள் அடுத்த தலைமுறை மாதிரிக்குப் பாடப் புத்தகமாகும். அந்தக் குவியலிலிருந்து எந்திரக் குரலைப் பிரித்தெடுக்க அவர்களுக்கு இருக்கும் எளிய வழி, பதிவேற்றியவர் விவரப் பகுதியில் போட்ட அந்த ஒரு வரி அறிவிப்புதான்.